வாடின பூ டிபார்ட்மென்ட்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று தோட்டத்து ஆபீசில் எனக்கு ஒரு ரோஜா மாலையும் ஒரு பட்டமும் கொடுத்தார்கள். மாலை சாயங்காலத்துக்குள் வாடிவிட்டது. பட்டம் ‘ஓவியச் செம்மல்’. கண்ணாடிச் சட்டம் போட்டே கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஏதோ சந்தேகம் தட்டி அகராதியைப் புரட்டினேன். செம்மல் என்றால் பெருமையில் சிறந்தவன் என்று ஓர் அர்த்தம். வாடிப்போன பழம்பூ என்று இன்னோர் அர்த்தம். எழுதிக் கொடுத்த தலைமைக் குமாஸ்தாவுக்கு முதல் அர்த்தம்தான் தெரிந்திருக்கும், பாவம். எனக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். என் உத்தியோக காலத்தில் முக்கால்வாசியும் நான் சம்பளம் வாங்கியது வாடின பூக்களைப் படம் எழுதுவதற்காக.

இப்போது ஆபீசுக்குக் கலர் படம் பிடிக்கும் காமிரா வரப்போகிறதாம். அது வந்தால் பழைய படங்களையெல்லாம் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு புதிதாகச் சேர்ந்த டிராப்ட்ஸ்மன்கள் இரண்டு பேர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் தயங்கித் தயங்கி, “தப்பா நெனைக்காதீங்க சார், இத்தனை பெரிய தோட்டத்துல நல்ல பூ ஒண்ணும் கெடைக்கலையா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் மனைவியும் கல்யாணமான நாளிலிருந்து இதையேதான் கேட்டுவருகிறாள். அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

என் தகப்பனார் பெங்களூர் கண்டோன்மென்ட் கடைத்தெருவில் பெயர்ப்பலகை எழுதுகிறவர். எனக்கும் கை ஓடுகிறது என்று நம்பி மதராஸுக்கு ஓவியம் படிக்க அனுப்பினார். அங்கே நாலைந்து முடி மட்டும் உள்ள பிரஷ்ஷால் இலையின் நரம்பை எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று வருஷமும் நான் ஒரே வெண்டைக்காயை எழுதினேன் என்று என் சிநேகிதர்கள் சொல்வது மிகை. இரண்டு வெண்டைக்காய். திரும்பி வந்ததும் சர்க்காரின் பெரிய தோட்டத்தில் டிராப்ட்ஸ்மன் வேலை கிடைத்தது.

அப்போது தோட்டத்துக்கு சூப்பிரண்டாக இருந்தவர் ஆசீர்வாதம் சார். கண்டோன்மென்ட் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், சீமைக்குப் போய்த் தாவர சாஸ்திரம் படித்தவர். ஆறடி உயரம். தலையில் தொப்பி, காதில் பென்சில். அது காப்பி பென்சில், எழுதினால் சாம்பல் நிறமாக இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாக மாறி ஒட்டிக்கொள்ளும், அழியாது. அவருக்கு எழுதுமுன் அதை நாக்கில் ஒரு தடவை தொட்டுக்கொள்ளும் பழக்கம். அதனால் பகல் பதினொரு மணிக்கு மேல் அவர் வாயைத் திறந்தால் நாவல் பழம் தின்றவர் போல இருப்பார். திட்டும்போதுகூட அந்த நாக்கைப் பார்த்தால் எங்களுக்குச் சிரிப்பு வரும். அதை அடக்குவதுதான் உத்தியோகத்தில் நாங்கள் பெற்ற முதல் பயிற்சி.

வாடின பூ யோசனை அவருடையது. தினம் தபாலில் நாலைந்து உறைகள் வரும். “எங்கள் ஊர்க் காட்டில் இந்தப் பூ இருக்கிறது. இதன் பெயர் என்ன?” என்று எழுதி, பூவையும் உள்ளே வைத்து அனுப்பியிருப்பார்கள். உறையைப் பிரித்தால் வடிகட்டிப் போட்ட டீத்தூள் மாதிரி ஒன்று கையில் விழும். புத்தகத்தில் இருக்கும் படங்களோ அன்று காலையில் பூத்தவை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கு என்ன தெரியும்?

“கல்யாண போட்டோவை வெச்சுக்கிட்டு கிழவனை அடையாளம் கண்டுபிடிக்கச் சொன்னா எப்படிய்யா?” என்றார் ஆசீர்வாதம் சார். “ஒவ்வொரு பூவுக்கும் வாடின படம் ஒண்ணு நம்மகிட்ட இருக்கணும். நீ ஆரம்பி.”

ஆரம்பித்தேன். ஆபீசில் என் அறைக்கு ‘வாடின பூ டிபார்ட்மென்ட்’ என்று பெயர் விழுந்தது. இந்த உத்தியோகத்தைச் சொல்லிப் பெண் கேட்கப் போனது தனிக் கதை. ஆனேக்கல்லில் நாலு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், வீட்டில் பாதிப் பேச்சு கன்னடம். என்ன வேலை என்று வருங்கால மாமனார் கன்னடத்தில் கேட்டார். என் அரைகுறைக் கன்னடத்தில், பூவை விட்டுவிட்டு, ‘பாடு’ எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். நாம் வாடு என்பதை அவர்கள் பாடு என்பார்கள். ஆனால் எங்கள் பக்கத்துக் கன்னடத்தில் பாடு என்றால் கறி. அவர்கள் சுத்த சைவம். உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த காபி பாதி வழியில் நின்றது.

முதல் படத்தை ஆசீர்வாதம் சாரிடம் கொண்டுபோய் நீட்டினேன். வாடின செம்பருத்தி. ஒவ்வொரு சுருக்கத்தையும் ஒற்றை முடியால் இழுத்திருந்தேன். வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது வாடலையேப்பா. லீவு வேணும்னு உடம்பு சரியில்லாத மாதிரி நடிக்குது.”

அவர் சொன்னது சரிதான். வாடுகிற பூ சும்மா இருக்காது. கோடு போட ஆரம்பிக்கும்போது ஓர் இடத்தில் இருக்கும் இதழ், முடிக்கும்போது வேறு இடத்தில் தொங்கும். கோடு பொய்யாகிவிடும். ஓரம் என்று ஒன்று இருந்தால்தானே கோடு போடலாம்? வாடின இதழின் ஓரம் எங்கே முடிகிறது என்று அந்த இதழுக்கே தெரியாது.

வழி கிடைத்தது என் சோம்பேறித்தனத்தால். ஓர் ஆடி மாதம், நாள் முழுக்கப் பெங்களூர்த் தூறல். காகிதம் காயவே இல்லை. காயட்டும் என்று காத்திருந்தால் ஆபீஸ் மணி அடித்துவிடும். எப்படியாவது முடித்தால் சரி என்று ஈரத்தின் மேலேயே வர்ணத்தை விட்டேன். அது தன் இஷ்டத்துக்கு ஓடியது, ஓரிடத்தில் தேங்கியது, ஓரிடத்தில் வெளுத்தது. மறுநாள் திட்டு வாங்கத் தயாராகப் போனேன். ஆசீர்வாதம் சார் படத்தை எட்டத்தில் வைத்துப் பார்த்து, “இது செத்திருக்கு,” என்றார். என் வாழ்க்கையில் கேட்ட முதல் பாராட்டு அது.

அதற்குப் பிறகு முறை இப்படி அமைந்தது. கனத்த காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, பலகைமேல் விரித்து, நாலு ஓரமும் பசை தடவி ஒட்டுவேன். பென்சில் கோடு கிடையாது. முதலில் வெறும் தண்ணீரால் பூவை எழுதுவேன். பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் ஒன்றும் செய்யாமல் காகிதத்தைத் தடவிக்கொடுப்பது போல இருக்கும். பிறகு பெரிய பிரஷ் நிறைய வர்ணம் எடுத்து, தண்ணீர்ப் பூவின் நடுவில் ஒரு தொடு. அது தானே பரவும். பலகையை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் இதழ் தொங்கும். வெளுக்க வேண்டிய இடத்தை மை ஒற்றும் தாளால் ஒற்றி எடுப்பேன். காகிதத்தின் பளபளப்பு போன பிறகு, முழுக்கக் காய்வதற்கு முன்னால், அடர்ந்த வர்ணத்தில் இரண்டே தீற்று. அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். அதற்கு மேல் தொட்டால் கெட்டது. கையைக் கட்டுவதுதான் கஷ்டம். நான் பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்வேன்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. பாதி காய்ந்த வர்ணத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால், அது வர்ணத்தை ஓரத்துக்குத் தள்ளி, கரை கட்டிய வட்டமாகக் காய்ந்துவிடும். பல சமயம் அப்படி விழுந்த வட்டம் நான் எழுதியதைவிட நன்றாக இருக்கும். நான்தான் வேண்டுமென்றே போட்டேன் என்று பெயரும் வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை அந்தச் சொட்டு எனக்கு வினையாக வந்து விழுந்தது.

தோட்டத்தில் ஆர்க்கிட் செடிகளுக்கென்று ஒரு கண்ணாடி வீடு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட தோட்டக்காரர், அதாவது மாலி, முனியப்பா. என்னைவிடப் பத்து வயது பெரியவர், நான் அண்ணே என்பேன். என்னை அவர் ‘படக்காரரே’ என்பார். அதில் மரியாதை இருக்கிறதா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அஸ்ஸாம் பக்கத்து மலையிலிருந்து வந்த நீல வாண்டா ஆர்க்கிட் ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. முனியப்பா காதில் அது ‘வேண்டா’ என்று விழுந்திருந்தது. “பேர்லயே வேண்டான்னு சொல்லுது. அப்பவும் தொரைங்க அதத்தான் கேக்குறாங்க,” என்பார். பல வருஷம் வேண்டாம் வேண்டாம் என்றே இருந்த செடி அந்த வருஷம் பூத்தது. நீண்ட தண்டில் வரிசையாக நீலப் பூக்கள். சனிக்கிழமை புஷ்பக் கண்காட்சியில் அதை நடுவில் வைப்பதாக ஏற்பாடு.

புதன்கிழமை கண்டோன்மென்ட் சீமாட்டிகள் சிலரை ஆசீர்வாதம் சார் அழைத்துவந்து பூவைக் காட்டி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார். வியாழக்கிழமை முனியப்பா பக்கத்துத் தொட்டிகளுக்குப் பூச்சி வராமல் இருக்கப் புகையிலைத் தண்ணீர் அடித்தார். வெள்ளிக்கிழமை காலையில் வாண்டாவின் கீழ் வரிசைப் பூக்கள் மூன்று வாடித் தொங்கின.

“பூத்திருக்கும்போது இந்தப் பக்கம் புகையிலைத் தண்ணி கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?” என்றார் ஆசீர்வாதம் சார். குரல் உயரவில்லை. உயராவிட்டால்தான் பயம்.

“அந்தத் தொட்டிப் பக்கமே போகலீங்க ஐயா. ஒரு துளிகூட மேல படல.”

“படாம எப்படி வாடும்? மேல இருக்கிற பூவெல்லாம் நல்லா இருக்கே.”

மேலிடத்துக்கு ரிப்போர்ட் போகும், முனியப்பாவின் வேலை போகும், வேலையோடு தோட்டத்துக்குள் கொடுத்திருந்த வீடும் போகும். ஆசீர்வாதம் சார் என் பக்கம் திரும்பினார்.

“ரிப்போர்ட்டோட படம் வேணும். பூ விழறதுக்குள்ள எழுது. புகையிலை பட்ட புள்ளி தெளிவாத் தெரியணும். நடுவுல வெளுத்து, சுத்திப் பழுப்பா கரை கட்டியிருக்கும்.”

பலகையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடி வீட்டில் போய் உட்கார்ந்தேன். முனியப்பா எதிரே ஒரு தொட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எழுது படக்காரரே. நல்லா எழுது. என் வீட்டு எருமை எங்க போய் நிக்கும்னு அதையும் ஓரமா ஒரு படம் போடு.”

“அண்ணே, நான் என்ன செய்ய? இருக்கிறதத்தான் எழுதுவேன்.”

“நீ எப்பவுமே தண்ணியக் கொட்டிட்டு இருக்கிறதத்தான் எழுதினேன்னு சொல்ற ஆளு.”

அதில் உண்மை இருந்தது. புள்ளியைத் தேடினேன். லென்ஸ் வைத்துத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. சரி, வாடினதை எழுதுவோம் என்று தண்ணீரால் பூவை வரைந்து நீலத்தை விட்டேன். அழகாகப் பரவியது. கையைத் தொடைக்கடியில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கூரைக் கண்ணாடியில் வேர்த்திருந்த நீர் ஒரு சொட்டு, படத்தில் இதழின் நடுவே விழுந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். நடுவில் வெளுத்தது. சுற்றிக் கரை கட்டியது. புகையிலைப் புள்ளி எப்படி இருக்கும் என்று ஆசீர்வாதம் சார் சொன்னாரோ அதே மாதிரி.

“ஆய்த்து,” என்றார் முனியப்பா. “வேலை முடிஞ்சிடுச்சு. எடுத்துட்டுப் போய்க் குடு.”

என் கையில் இருந்தது, வேறு நாளாக இருந்தால் நான் சட்டம் போட்டு மாட்டக்கூடிய படம். கிழித்தேன். கிழிக்கும்போது மனசு கொஞ்சம் வலித்தது என்பதை மறைப்பானேன். முனியப்பா எழுந்து போய்த் தன் குடையைக் கொண்டுவந்து, கண்ணாடி வீட்டுக்குள் என் காகிதத்துக்கு மேலே விரித்துப் பிடித்தார். என் தலைக்கு அல்ல, காகிதத்துக்கு. என் முதுகில் சொட்டிக்கொண்டுதான் இருந்தது.

விபத்தை நம்பியே பிழைத்தவன் விபத்தே கூடாது என்று உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? முன்பு பூவை இப்படி நான் உற்றுப் பார்த்ததே இல்லை. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. வெளியிலிருந்து ஏதாவது பட்டு வாடினால் பட்ட இடத்திலோ ஓரத்திலோ ஆரம்பிக்கும். இந்தப் பூக்கள் நடுவிலிருந்து வாடியிருந்தன. வெளுப்பு உள்ளே ஆரம்பித்து ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. நடுவிலே மூக்கு போல ஒரு முண்டு இருக்கும், அது சற்றே வீங்கியிருந்தது. அதன் நிறம் என்ன என்று புரியவில்லை. பிரஷ்ஷைச் சுத்தமான தண்ணீரில் தோய்த்து நுனியால் மெல்லத் துடைத்துப் பார்த்தேன். பிரஷ் நுனி ஊதாவாக மாறியது. கிண்ணத்தில் அலசினால் தண்ணீர் முழுக்க ஊதா.

இரண்டாவது பூ, ஊதா. மூன்றாவதும் ஊதா. மேலே இருந்த நல்ல பூவைத் துடைத்தேன், ஒன்றும் இல்லை.

வாடும்போது மட்டும் உள்ளே ஊதாச் சாயம் சுரக்கும் பூ. உலகத்தில் யாரும் எழுதாத விஷயம். அதற்கு லத்தீனில் என் பெயரை எப்படி வளைத்து வைப்பார்கள் என்றுகூட யோசித்தேன். கோதண்டபாணி என்ற பெயர் லத்தீனில் நன்றாகவே இருக்கும் என்று பட்டது.

“அண்ணே, பெரிய கண்டுபிடிப்பு.”

“என் வேலை நிக்குமா?”

“அதெல்லாம் தெரியாது. ஆனா கண்டுபிடிப்பு.”

“சும்னே இரு சாமி,” என்று முனியப்பா குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஆசீர்வாதம் சாரே படத்தைப் பார்க்க வந்துவிட்டார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். கிண்ணத்தைக் காட்டினேன். பிரஷ்ஷைக் காட்டினேன். வாடும் நேரத்தில் உயிர் பிரிகிற அடையாளமாக இந்த ஊதா ரசம் வெளிப்படுகிறது என்று ஒரு சித்தாந்தமும் சொன்னேன். அவர் குறிப்பெடுக்கக் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். வழக்கம்போல நாக்கில் தொட்டார். எழுதவில்லை. பென்சில் நுனியையே பார்த்தார். பிறகு என் ஈரக் காகிதத்தின் மூலையில் அந்த நுனியை வைத்தார். ஊதா மெல்லக் கசிந்து பரவியது. கிண்ணத்துத் தண்ணீரின் அதே ஊதா.

என் லத்தீன் பெயர் அந்த மூலையில் கரைந்துபோனது.

ஆசீர்வாதம் சார் லென்ஸை வாங்கி மூன்று பூக்களையும் பார்த்தார். “மகரந்தம் எடத்துல இல்ல. எடுத்து உள்ள ஒட்டியிருக்கு,” என்றார். புதன்கிழமை பிரசங்கத்தில் பூவின் நடுப்பாகத்தைப் பென்சிலின் ஈர நுனியால் தொட்டுத் தொட்டுச் சீமாட்டிகளுக்குக் காட்டியிருக்கிறார். ஒரு பூவின் மகரந்தம் பென்சிலில் ஒட்டி அடுத்த பூவுக்குப் போயிருக்கிறது. இந்த ஜாதிப் பூ, வண்டு வந்து மகரந்தத்தைச் சேர்த்துவிட்டுப் போகும்வரை வாரக்கணக்கில் வாடாமல் காத்திருக்கும். அந்தக் காரியம் நடந்துவிட்டால் இதழ்களுக்கு வேலை இல்லை, ஓரிரண்டு நாளில் சுருண்டுவிடும்.

“அதாவது, கல்யாணம் முடிஞ்சுது, பந்தலைப் பிரிச்சுட்டாங்க,” என்றார் முனியப்பா.

“ஏம்ப்பா, அன்னிக்கு நான் பென்சிலால தொட்டதை நீ பார்த்தியா?”

“பார்த்தேனுங்க ஐயா.”

“ஏன் சொல்லல?”

“நீங்க பண்ற காரியம். எதுக்கோ பண்றீங்கன்னு இருந்துட்டேன்.”

ஆசீர்வாதம் சார் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். என்னிடம், “படத்தை முடி. அந்த ஊதாவையும் போடு,” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது. “சார், அது ரொம்பச் சின்னது. போடாட்டியும் யாருக்கும் தெரியாது.”

“இல்லாத புள்ளியைப் போடச் சொன்னப்ப போடல. இருக்கிற புள்ளியை மட்டும் எதுக்கு விடணும்?”

போட்டேன். முனியப்பா குடை பிடித்தார். காய்ந்ததும் ஆசீர்வாதம் சார் அதன் கீழே, வாடியதற்குக் காரணம் என்ற இடத்தில், ‘சூப்பிரண்டின் பென்சில்’ என்று தன் கையாலேயே மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாலியின் பெயர் அதில் எங்கும் இல்லை. சனிக்கிழமை கண்காட்சியில் வாண்டா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குரோட்டன்ஸைக் கொண்டுவந்து வைத்தோம். மேலிடத்திலிருந்து சில நாள் கழித்துக் கேள்வி ஒன்று வந்தது: படத்தில் இருக்கும் ஊதா, ஓவியர் கை தவறிச் சிந்தியதா? நான்தான் பதில் எழுதினேன். சொட்டுச் சிந்திய ஒரு படம் கிழிக்கப்பட்டுவிட்டது, இது சிந்தாதது.

மூன்று பூவில் ஒன்று காய் பிடித்தது. அந்தக் காய் முற்ற ஒரு வருஷமாவது ஆகும். ஆசீர்வாதம் சார் தினமும் காலையில் ஆபீசுக்குள் நுழையுமுன் கண்ணாடி வீட்டுக்குப் போவார். பல நாள் நானும் கூடப் போவேன். கதவருகே முனியப்பா நிற்பார். கதவைத் திறக்குமுன் அவர் பார்வை ஒரு விநாடி சூப்பிரண்டின் இரண்டு காதுகளுக்கும் போய்வரும், பிறகு என் சட்டைப் பைக்கு வரும். வெறுமையாக இருந்தால்தான் தாழ்ப்பாள் விலகும்.

ஒரு நாள் காலை ஆசீர்வாதம் சார் வாசலில் நின்றபடியே, “எப்படி இருக்கு முனியப்பா?” என்று கேட்டார்.

“ஸ்வல்பம் தேறியிருக்குதுங்க ஐயா,” என்றார் முனியப்பா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல். “யாரு ஜாடைன்னுதான் இன்னும் தெரியல.”